அவர் வாய்ப்பை இழக்கல, வேணாம்னு சொன்னார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிக்கால ஒலிம்பிக்ல சாதிச்சவங்களைப் பத்தி உங்க விளையாட்டுப் பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தி வந்துச்சு, அதுல நார்வே ஸ்கீ ஜம்ப்பர் பிர்கெர் ரூட் பேரைப் பார்த்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம், தமிழ்ப் பத்திரிகைல அவர் பேரை நான் பார்க்கிறது இதான் முதல் தடவை. வேலைக்காக வந்து நான் குடியிருக்கிறது நார்வேல கோங்ஸ்பெர்க்ல, 1911 ஆகஸ்ட் 23ஆம் தேதி அவர் பிறந்த அதே ஊர்ல. இங்க அவருக்கு சிலை இருக்கு, 1987ல வச்சது. ஊர் மியூசியத்துல ஸ்கீக்குன்னே தனியா ஒரு பகுதி இருக்கு, அதை உருவாக்குறதுல அவருக்கும் பங்கு உண்டு. அதனால அந்தப் பெட்டியை ஒரு தடவைக்கு மூணு தடவை படிச்சேன்.

மெடல் கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க, 1932ல தங்கம், 1936ல தங்கம், 1948ல வெள்ளி. ஆனா கடைசி வரில, போர் வந்ததால உச்சத்துல இருந்த நேரத்துல வாய்ப்புகளை இழந்துட்டார்ங்கிற மாதிரி எழுதியிருந்தீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இழந்துட்டார்னா ஏதோ மழை வந்து மேட்ச் நின்னுபோன மாதிரி ஆயிடுது. 1940, 1944 ஒலிம்பிக் ரெண்டும் நடக்கல, வாஸ்தவம்தான், அதுக்கு அவர் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஆனா ஜெர்மன் படை நார்வேயைப் பிடிச்சு வச்சிருந்த அஞ்சு வருஷம் அவர் உள்ளூர்ல கூட ஒரு அதிகாரபூர்வ போட்டில ஜம்ப் பண்ணல, அது தானா நடந்ததில்ல, அவரே எடுத்த முடிவு, அந்த முடிவுக்கு அவர் ஜெயிலுக்குப் போனார். இது தெரியாம அவர் மெடல் லிஸ்ட்டை மட்டும் படிச்சா, நடுவுல இருக்கிற 12 வருஷம் வெறும் வெத்திடமாத் தெரியும்.

முதல்ல இந்த விளையாட்டைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பனியே பார்க்காதவங்களுக்கு இது என்ன மாதிரி ஆபத்துன்னு புரிஞ்சாதான் மத்தது புரியும். ஒரு மலைச்சரிவுல உயரத்துல மேடை கட்டி, அதுலேர்ந்து ஸ்கீல, அதாவது காலுல மாட்டிக்கிற ரெண்டு நீளமான பலகைல, சறுக்கிக்கிட்டு வருவாங்க, இன்னைக்கு பெரிய மலைகள்ல விளிம்புக்கு வர்றப்போ மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் கிட்ட இருக்கும், அந்த விளிம்புல சரியான கணத்துல காலை உதைச்சு எழும்பணும், கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் போச்சு. அப்புறம் காத்துல உடம்பை முன்னாடி சாய்ச்சு, காத்தையே மெத்தை மாதிரி வச்சுக்கிட்டு கீழ வரணும், இறங்குறப்போ ஒரு கால் முன்னாடி ஒரு கால் பின்னாடி வச்சு முட்டியை மடக்கி இறங்கணும், அதுக்குப் பேர் டெலிமார்க், நார்வேல இருக்கிற ஒரு மாவட்டத்தோட பேரு அது. தூரத்துக்கு மட்டும் இல்ல, எப்படிப் பறந்தாங்க எப்படி இறங்கினாங்கன்னு நடுவர்கள் ஸ்டைலுக்கும் மார்க் போடுவாங்க, அதனால தூரமா போனவர்தான் ஜெயிப்பார்னு கிடையாது. நார்வேக்காரங்களுக்கு இது ஏதோ ஒரு விளையாட்டு இல்ல. பின்னாடி ராஜாவான ஓலாவ், பட்டத்து இளவரசரா இருந்தப்போ 1922லயும் 1923லயும் ஓஸ்லோவுல இருக்கிற ஹோல்மென்கோலன் மலையில போட்டியில கலந்துக்கிட்டு ஜம்ப் பண்ணவர், ஒரு நாட்டோட இளவரசர் இதைச் செஞ்சார்னா அந்த ஊர்ல இதுக்கு என்ன மதிப்புன்னு பார்த்துக்கங்க.

கோங்ஸ்பெர்க் 1600கள்ல வெள்ளிச் சுரங்கத்துக்காக உருவான ஊர். 1623ல வெள்ளி கிடைச்சுது, அடுத்த வருஷமே ராஜா ஊரை உண்டாக்கிட்டார், நார்வே காசு அடிக்கிற நாணயச்சாலையும் இங்கதான். சுத்தி மலை, நீளமான குளிர்காலம், பசங்க நடக்கக் கத்துக்கிறப்பவே ஸ்கீ கத்துக்குவாங்க. ரூட் வீட்டுல மூணு பேர் இந்த விளையாட்டுல உலகப் பேர் வாங்கினாங்க. மூத்தவர் சிக்முண்ட், நடுவுல பிர்கெர், சின்னவர் அஸ்பியோர்ன். சிக்முண்ட் 1929ல உலக சாம்பியன், பிர்கெர் 1931, 1935, 1937னு மூணு தடவை, அஸ்பியோர்ன் 1938ல. ஒரே வீட்டுல மூணு உலக சாம்பியன், வேற எந்த விளையாட்டுல இப்படி இருக்குன்னு நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன், எனக்குத் தோணல.

இன்னொண்ணும் இந்த ஊர்லேர்ந்து போனது. இடுப்புல உடம்பை நல்லா மடக்கி, கையை முன்னாடி நீட்டி, ஸ்கீ ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு இணையா வச்சுப் பறக்கிற முறைக்கு கோங்ஸ்பெர்க் டெக்னிக்னே பேரு, 1924 ஒலிம்பிக் சாம்பியன் யாக்கோப் டுலின் டாம்ஸும் சிக்முண்ட் ரூடும் சேர்ந்து உருவாக்கினதுன்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நிமிர்ந்து நின்னுக்கிட்டு கையைச் சுத்திக்கிட்டேதான் பறப்பாங்க. இந்த முறை வந்ததும் தூரம் கூடிக்கிட்டே போச்சு, 1950கள் வரைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் பின்பத்தினாங்க. பிர்கெர் அண்ணன்கிட்டேர்ந்து இதை எடுத்துக்கிட்டு இன்னும் சுத்தமாக்கினார். ஆள் உயரம் கம்மி, ஆனா உதைக்கிற பலமும் காத்துல அந்த அமைதியும் சேர்ந்து அவர் ஜம்ப்புக்கு ஒரு அழகைக் கொடுத்துச்சு, ஸ்டைல் மார்க்ல அவரை அசைக்கிறது கஷ்டம்.

1932ல அமெரிக்காவுல லேக் பிளாசிட்ல ஒலிம்பிக், அப்போ அவருக்கு 20 வயசு. முதல் ரவுண்டுல முன்னாடி நின்னது ஹன்ஸ் பெக், அவரும் கோங்ஸ்பெர்க்காரர்தான். பெக் 71.5 மீட்டர், ரூட் 66.5, அஞ்சு மீட்டர் வித்தியாசம்னா இந்த விளையாட்டுல அது பெரிய இடைவெளி. ரெண்டாவது ரவுண்டுல ரூட் 69 மீட்டர் போனார், பெக் 63.5ல இறங்கிட்டார், மொத்தப் புள்ளில 228.1க்கு 227.0னு ஒரே ஒரு புள்ளிச் சொச்சத்துல ரூட் தங்கம். மூணாவது இடமும் நார்வேக்குத்தான், கோரே வால்பெர்க். 1934ல ஹோல்மென்கோலன்ல ஜெயிச்சார், நார்வேக்காரங்ககிட்ட கேட்டா ஒலிம்பிக்கை விட அதைத்தான் பெருசாச் சொல்லுவாங்க. அதே வருஷம் இன்னைக்கு ஸ்லோவேனியாவுல இருக்கிற பிளானிட்சால 92 மீட்டர் பறந்து உலக சாதனை. இப்போ 250 மீட்டரையே தாண்டிட்டாங்க, ஆனா அன்னைக்கு அவர் காலுல இருந்தது கனமான மரக்கட்டை ஸ்கீ, தலையில ஹெல்மெட் கிடையாது, உடம்புல சாதாரண ஸ்வெட்டரும் பேண்ட்டும்தான்.

1936ல ஜெர்மனியோட கார்மிஷ் பார்டன்கிர்ஷன்ல நடந்த ஒலிம்பிக்கைப் பத்தி உங்க பெட்டில ஒரு வரிதான் இருந்துச்சு, அதை நான் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன், பின்னாடி வரப்போற விஷயத்துக்கு இது வேணும். அந்த ஒலிம்பிக்கை திறந்து வச்சது ஹிட்லர். சுத்தி எங்க பார்த்தாலும் ஸ்வஸ்திகா கொடி. அந்த வருஷம்தான் முதல் தடவையா ஆல்பைன் ஸ்கீயை, அதாவது மலைச்சரிவுல வேகமா சறுக்கி இறங்குற பந்தயத்தை, ஒலிம்பிக்ல சேர்த்தாங்க, அதுவும் டவுன்ஹில்லுக்கும் ஸ்லாலமுக்கும் தனித்தனி மெடல் கிடையாது, ரெண்டையும் கூட்டி ஒரே மெடல். மலையிலேர்ந்து நேரா கீழ பாயுற டவுன்ஹில்ல ஜெயிச்சது யாருன்னு நினைக்கிறீங்க, இந்த ஸ்கீ ஜம்ப்பர்தான், ஜெர்மனியோட ஃபிரான்ஸ் ஃப்னூரை 4.4 வினாடில தோற்கடிச்சார். அடுத்து கம்பங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு இறங்குற ஸ்லாலம்ல, கம்பங்களுக்கு நடுவுல இருக்கிற வழி ஒண்ணை விட்டுட்டதுக்கு 6 வினாடி தண்டனை, அதுல மொத்தத்துல நாலாவது இடத்துக்குப் போயிட்டார், மெடல் இல்ல, தங்கம் ஃப்னூருக்கே போச்சு. இன்னைக்கு இருக்கிற மாதிரி டவுன்ஹில்லுக்குன்னு தனி மெடல் இருந்திருந்தா அது அவரோடது. ஒரு வாரம் கழிச்சு லட்சம் பேருக்கு மேல கூடியிருந்த கூட்டத்துக்கு முன்னாடி ஸ்கீ ஜம்ப்பிங். ஸ்வீடனோட ஸ்வென் எரிக்சன் தூரத்துல கொஞ்சம் முன்னாடி, ரூட் ஸ்டைல்ல முன்னாடி, 232.0க்கு 230.5. ஒலிம்பிக் ஸ்கீ ஜம்ப்பிங் தங்கத்தை அடுத்தடுத்து ரெண்டு தடவை ஜெயிச்ச முதல் ஆள் அவர்தான். அதுக்கப்புறம் இன்னொருத்தர் அதைச் செய்ய 1988ல ஃபின்லாந்தோட மட்டி நிக்கனென் வர வேண்டியிருந்துச்சு, இடையில 52 வருஷம்.

அப்போ ஜெர்மனிக்காரங்களுக்கும் அவரை நல்லாவே தெரியும்ங்கிறதைத்தான் சொல்ல வர்றேன். அவங்க மண்ணுல அவங்க கூட்டத்துக்கு முன்னாடி தங்கம் வாங்கினவர். 1940 ஏப்ரல் 9ஆம் தேதி ஜெர்மன் படை நார்வேக்குள்ள நுழைஞ்சுது, ஜூன் மாசம் ராஜாவும் அரசாங்கமும் நாட்டை விட்டு லண்டனுக்குப் போக வேண்டியதாப் போச்சு. அந்த வருஷம் இலையுதிர் காலத்துல நாஜிகளும் அவங்களுக்குத் துணை போன நார்வேக்காரங்களும் நாட்டோட விளையாட்டுச் சங்கங்களை எல்லாம் தங்களோட கைக்குக் கீழ கொண்டுவந்தாங்க. இனிமே போட்டின்னா அது அவங்க நடத்துற போட்டி, தலைவர்னா அவங்க வச்ச தலைவர். அதுக்கு நார்வே விளையாட்டு வீரர்கள் கொடுத்த பதில்தான் விளையாட்டு ஸ்ட்ரைக், இன்னைக்கும் இந்த நாட்டுல அப்படித்தான் சொல்றாங்க. அந்தப் போட்டிகள்ல பெரும்பாலானவங்க கலந்துக்கல, கலந்துக்கிட்ட சில பேரோட ஆட்டத்தைப் பார்க்க ஜனங்களும் போகல, ஸ்டேடியம் காலியா கிடந்துச்சு. ஹோல்மென்கோலன் போட்டி 1941லேர்ந்து 1945 வரைக்கும் நடக்கவே இல்ல. போர்க்காலம்ங்கிறதால விளையாட்டே உலகத்துல நின்னுபோச்சுன்னு நினைச்சுடாதீங்க, 1941ல இத்தாலில கோர்ட்டினாவுல உலக சாம்பியன்ஷிப் நடந்துச்சு, போர் முடிஞ்சதும் 1946ல அதைச் செல்லாதுன்னு ரத்து பண்ணிட்டாங்க. ரூட் அதுல இல்ல.

ரூட் மாதிரி ஒருத்தர் ஒரே ஒரு போட்டில தலையைக் காட்டியிருந்தா போதும், அந்த ஃபோட்டோவை வச்சே நாஜிகள் நார்வே நம்ம பக்கம்தான்னு உலகத்துக்குக் காட்டியிருப்பாங்க. அவர் ஒத்துழைக்க மறுத்துட்டார். மறுத்ததோட வீட்டுல சும்மா உக்காரவும் இல்ல, காட்டுக்குள்ள திருட்டுத்தனமா நடந்த ஜம்ப்பிங் போட்டிகள்ல கலந்துக்கிட்டார். இதை நினைச்சுப் பாருங்க ஐயா, லட்சம் பேர் கைதட்டின மனுஷன், ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர், சின்னதா ஒரு மேடை, சுத்தி ஊர்க்காரங்க கொஞ்சம் பேர், எந்த ரெக்கார்டும் எங்கயும் போய்ச் சேராது, எந்தப் பேப்பர்லயும் வராது, ஆனாலும் ஜம்ப் பண்ணியிருக்கார். அந்த ஜம்ப்புகளோட தூரம் எந்தப் பட்டியல்லயும் இல்ல, என்னைக் கேட்டா அவர் வாழ்க்கையில மத்த எல்லா ஜம்ப்பையும் விட அதுங்கதான் பெருசு.

1943ல அவரைக் கைது பண்ணி கிரினி முகாம்ல அடைச்சாங்க. ஓஸ்லோவுக்குப் பக்கத்துல பேரும்ங்கிற இடத்துல இருக்கு அது, பெண்களுக்குன்னு கட்டின சிறையை ஜெர்மன்காரங்க அரசியல் கைதிகளை அடைக்கிற முகாமா மாத்தினாங்க, போர் முடியுறதுக்குள்ள கிட்டத்தட்ட 20,000 பேர் அதுக்குள்ள போய் வந்திருக்காங்க, ஆசிரியர்கள், டாக்டர்கள், எழுத்தாளர்கள், சாதாரணத் தொழிலாளிகள் எல்லாரும். கார்மிஷ்ல தங்கம் வாங்கி ஏழே வருஷம், அன்னைக்கு எந்தக் கொடிக்குக் கீழ மெடல் வாங்கினாரோ அதே கொடிக்காரங்க காவல்ல இருக்கிறார். 1944ல விட்டாங்க. வெளிய வந்த மனுஷன், போதும்டா சாமி, உயிர் பிழைச்சோம்னு பேசாம இருந்திருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் என்ன பண்ணினார்னா எதிர்ப்பு இயக்கத்துல சேர்ந்தார். பிரிட்டிஷ் விமானங்கள் காட்டுலயும் மலையிலயும் பாரசூட்ல போட்டுட்டுப் போற ஆயுதம், தோட்டா எல்லாத்தையும் ஸ்கீல போய்த் தேடிப் பிடிச்சு ஒளிச்சு வைக்கிற வேலை. பனில வேகமாப் போகத் தெரிஞ்சவருக்கு ஏத்த வேலைதான், ஆனா மாட்டினா இந்தத் தடவை கிரினியோட விட மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியாம இருக்காது.

அந்த வருஷங்கள்ல அவருக்கு என்ன வயசுன்னு பாருங்க. படை நுழைஞ்சப்போ 28, போர் முடிஞ்சப்போ 33. ஸ்கீ ஜம்ப்பிங்ல இது சாதாரண விஷயம் இல்ல. ஓட்டப்பந்தயம்னா தனியா எங்கயாவது ஓடிப் பழகிக்கலாம், ஜம்ப்பிங்குக்கு பெரிய மலை வேணும், நல்ல போட்டியாளர் வேணும், விளிம்புல அந்த ஒரு கணத்தை உடம்பு மறக்காம இருக்க திரும்பத் திரும்ப வேகமா வந்து உதைக்கணும், ஒரு சீசன் விட்டாலே பயம் உள்ள புகுந்துடும்னு ஜம்ப் பண்ணினவங்க சொல்லுவாங்க. இவர் அஞ்சு சீசனை விட்டார், அதுல ஒரு பகுதி ஜெயில்ல. இதைத்தான் வாய்ப்பை இழந்தார்னு ஒரே வரில முடிச்சுடுறோம். இழந்தது ஒலிம்பிக்கை, அது உண்மை. மத்ததெல்லாம் அவர் தானா கொடுத்தது. கையில இருந்ததை ஒருத்தர் தட்டிவிட்டா அது இழப்பு, தானே எடுத்து ஓரமா வச்சா அதுக்கு நம்ம பாஷையில வேற சொல் இருக்கு, அந்தச் சொல்லைப் போடுங்கன்னுதான் கேட்கிறேன். இவரை மட்டும் தனியா உயர்த்திப் பேசறேன்னு நினைக்க வேண்டாம், பேர் தெரியாத எத்தனையோ நார்வே விளையாட்டு வீரர்கள் இதையே செஞ்சாங்க, அதுல சில பேருக்கு அதுதான் முதலும் கடைசியுமான நல்ல வயசு, அவங்க பேர் எந்த மெடல் லிஸ்ட்லயும் வரவே போறதில்ல. ரூட் பேர் லிஸ்ட்ல இருக்கிறதால அவர் வழியாத்தான் அவங்களையும் நினைக்க முடியுது.

இப்போ 1948க்கு வர்றேன், உங்க பெட்டில 36 வயசுல வெள்ளின்னு மட்டும் இருந்துச்சு, அந்தக் கதை அதைவிட நல்லது. ஸ்விட்சர்லாந்துல செயின்ட் மோரிட்ஸ்ல ஒலிம்பிக். ரூட் அங்க போனது நார்வே அணியோட கோச்சா. போட்டிக்கு முந்தின ராத்திரி வானிலை மோசமாப் போச்சு, இப்படிப்பட்ட நேரத்துல அனுபவம் இல்லாத இளைஞரை அனுப்புறதை விட நானே இறங்கறேன்னு முடிவெடுத்தார். அந்த இளைஞருக்கு அது எவ்வளவு வலிச்சிருக்கும்னு எனக்கும் தோணுது, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வாய்ப்பு, ராத்திரியோட ராத்திரியா போச்சு, அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. ஆனா மறுநாள் ரெண்டு ஜம்ப்பும் முடிஞ்சப்போ ரூட் ரெண்டாவது இடத்துல நின்னார், தங்கத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் வெறும் 1.5 புள்ளி. தங்கம் வாங்கினது பெட்டர் ஹுக்ஸ்டெட், அவர் 1921ல பிறந்தவர், ரூடை விடப் பத்து வயசு சின்னவர், அவரும் இதே கோங்ஸ்பெர்க்தான். ரூட் முதல் தங்கம் வாங்கினப்போ ஹுக்ஸ்டெட் ஊர்ல பத்து வயசுப் பையன். தான் பார்த்து வளர்ந்த ஆளையே ஒலிம்பிக்ல தோற்கடிச்சிருக்கார், தோத்தவர் கோச்சா வந்தவர், ரெண்டு பேரும் ஒரே ஊர். மூணாவது இடம் டோர்லெய்ஃப் ஷெல்டெருப், ஆக மூணு மெடலும் நார்வேக்கு. தம்பி அஸ்பியோர்ன் ஏழாவது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. 20 வருஷம் முன்னாடி, 1928லயும் ஒலிம்பிக் இதே செயின்ட் மோரிட்ஸ்ல, இதே ஜம்ப்பிங் மலையிலதான் நடந்துச்சு. அப்போ வெள்ளி வாங்கினது அண்ணன் சிக்முண்ட். அண்ணனுக்கு வெள்ளி கிடைச்ச அதே சரிவுல, ஒரு உலகப் போரையும் ஒரு சிறையையும் தாண்டி வந்து தம்பியும் வெள்ளி வாங்கியிருக்கார். ரூட் வீட்டுக்கும் அந்த மலைக்கும் தங்கம் மட்டும் அமையல.

முதல் மெடலுக்கும் கடைசி மெடலுக்கும் 16 வருஷம். அந்த 16ல ஒலிம்பிக் நடந்ததே மூணு தடவைதான், மூணுலயும் அவர் மெடல் வாங்கியிருக்கார். இந்தக் கணக்கை அடுத்த தடவை போடுறப்போ சேர்த்துக்கங்க, ஏன்னா வெறும் ரெண்டு தங்கம் ஒரு வெள்ளின்னு எண்ணினா, அதுக்கு மேல நிறைய வாங்கினவங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க. இன்னைக்கு ஒரே ஒலிம்பிக்ல ஜம்ப்பிங்குக்கே பல மெடல் இருக்கு, சின்ன மலை, பெரிய மலை, டீம்னு. அவர் காலத்துல நாலு வருஷத்துக்கு ஒரே ஒரு மெடல் போட்டி.

அவரோட டெக்னிக்கெல்லாம் இப்போ யாரும் பயன்படுத்துறதில்ல. 1950கள்ல ஸ்விட்சர்லாந்து ஆள் ஆண்ட்ரியாஸ் டேஷர் கையைப் பின்னாடி உடம்போட ஒட்டி வச்சுப் பறக்க ஆரம்பிச்சார், 1980கள்ல ஸ்வீடனோட யான் போக்லோவ் ஸ்கீ ரெண்டையும் வி மாதிரி விரிச்சுப் பறந்தார், முதல்ல நடுவர்கள் அவருக்கு மார்க்கைக் குறைச்சாங்க, இப்போ உலகமே அப்படித்தான் பறக்குது. அதனால ரூட் ஜம்ப் பண்ற பழைய படத்தை இப்போ பார்க்கிற பசங்களுக்கு இது என்ன வளைஞ்சு போய் பறக்கிறார்னு தோணலாம். ஆனா அந்தப் படங்களை நின்னு பாருங்க, இடுப்புலேர்ந்து விரல் நுனி வரைக்கும் ஒரு நடுக்கம் இருக்காது. 1937லயே ஹோல்மென்கோலன் மெடல் கொடுத்துட்டாங்க, நார்வேல ஸ்கீகாரங்களுக்கு அதுக்கு மேல ஒரு மரியாதை இல்ல. 1998 ஜூன் 13ஆம் தேதி 86 வயசுல காலமானார். அண்ணன் தம்பி ரெண்டு பேருமே அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க, அஸ்பியோர்ன் 1989ல, சிக்முண்ட் 1994ல.

என் மகனுக்கு எட்டு வயசு, இங்க ஸ்கூல்ல ஸ்கீ சொல்லிக் கொடுக்கிறாங்க, சின்ன மேடைலேர்ந்து ஒரு மூணு மீட்டர் பறந்தாலே வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அதையே பேசுறான். அவன் ஒரு நாள் சிலையைக் காட்டி இவர் எத்தனை மெடல் வாங்கினார்ப்பான்னு கேட்டான், சொன்னேன். நடுவுல ஏன் இவ்வளவு நாள் வாங்கலன்னு கேட்டான். அப்போ அவன்கிட்ட, வேணாம்னு சொன்னாருடான்னுதான் சொன்னேன், யார்கிட்ட ஏன் சொன்னார்னு அப்புறம் வீடு வர்ற வரைக்கும் விளக்க வேண்டியிருந்துச்சு. ஊர்ல இருக்கிற அவன் தாத்தா உங்க பேப்பரைத்தான் படிக்கிறார், அவரும் ஃபோன்ல அந்த வரியைப் படிச்சுக் காட்டி, பாவம் போர்னால போச்சேன்னு சொன்னார். அவர்கிட்டயும் விளக்கினேன். மத்த வாசகர்களுக்கு நீங்கதான் சொல்ல முடியும்.

இடம் கம்மின்னு தெரியும், பெரிய கட்டுரை எல்லாம் கேட்கல. அந்தக் கடைசி வரியை எடுத்துட்டு, 1940லேர்ந்து 1945 வரைக்கும் நாஜிகள் நடத்தின போட்டிகள்ல கலந்துக்க மறுத்தார், 1943ல கிரினி முகாம்ல அடைக்கப்பட்டார், வெளிய வந்து எதிர்ப்பு இயக்கத்துல வேலை செஞ்சார்னு ஒரு திருத்தம் போட்டா போதும். அச்சுல வந்த பிரதியை ஒருவேளை மாத்த முடியாது, ஆன்லைன்ல இருக்கிறதையாவது மாத்திடுங்க. இன்னொரு சின்ன விஷயம், உங்க செய்தில அவர் பேரை பிர்ஜர்னு போட்டிருந்தீங்க, இங்க யாரும் அப்படிக் கூப்பிடுறதில்ல, பிர்கெர்னுதான் சொல்லுவாங்க.

இப்படிக்கு,
கோங்ஸ்பெர்க்லேர்ந்து உங்க வாசகர் ஒருத்தர்